சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் வீடு எடுத்துத் தங்குவது எப்படி?

மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருபவர்களில் பலர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு விடுதி அறையைப் பிடிக்கிறார்கள். ஒரே அறையில் ஐந்து பேர் நெருக்கியடித்துப் படுத்து, மூன்று வேளையும் ஓட்டலில் காத்துக்கிடந்து சாப்பிட்டு, அழகர் ஆற்றில் இறங்கிய கையோடு ரயிலேறிவிடுகிறார்கள். இந்தத் திருவிழா விடியற்காலையிலும் இரவிலும் நடப்பது. இடையில் கிடப்பது நீண்ட சித்திரைப் பகலும் அதன் வெயிலும். அந்தப் பகலில் பெரியவர்கள் காலை நீட்டிப் படுக்கவும், பிள்ளைகள் குளித்துத் தூங்கவும், ஒரு ரசமும் அப்பளமும் வைத்துச் சாப்பிடவும் இடம் இருந்தால்தான் ராத்திரி மறுபடி கிளம்பத் தெம்பிருக்கும். அதனால் நாள் வாடகைக்குச் சமையலறையோடு ஒரு வீடு எடுப்பதே நல்லது என்பேன். மதுரையில் இப்போது அப்படிப்பட்ட அடுக்குமாடி வீடுகள் நிறையவே கிடைக்கின்றன. ஆனால் எந்தத் தேதிக்கு, எந்தப் பக்கத்தில் எடுப்பது என்பதில்தான் புதிதாக வருபவர்கள் தடுமாறுகிறார்கள்.

முதலில் தேதி, பிறகு வீடு

போன வருடத் தேதியை வைத்து இந்த வருடத்துக்கு வீடு பேசாதீர்கள். 2024-இல் மீனாட்சி திருக்கல்யாணம் ஏப்ரல் 21, தேரோட்டம் 22, அழகர் ஆற்றில் இறங்கியது 23 என்று அடுத்தடுத்த நாட்களில் எல்லாம் முடிந்தன. 2025-இல் திருக்கல்யாணம் மே 8, தேர் மே 9. அழகர் ஆற்றில் இறங்கியதோ மே 12. முந்தைய ஆண்டை நம்பி மூன்று நாளுக்கு வீடு எடுத்திருந்தால் தேரோடு ஊர் திரும்பியிருக்க வேண்டியதுதான். அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமியை ஒட்டி. மீனாட்சியம்மன் கோயில், கள்ளழகர் கோயில் இரண்டும் தனித்தனியே நிகழ்ச்சி நிரல் வெளியிடும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பிறகு நாளைக் குறியுங்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. வீட்டை அதற்கு முன்பே பேசிவிடலாம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பகலில் வைகையும் தேஜஸும், இரவில் பாண்டியனும் உண்டு. ஆற்றில் இறங்கும் நாளன்று மாலை ஊர் திரும்ப டிக்கெட் எடுக்காதீர்கள். கூட்டம் மட்டும் இதற்குக் காரணமில்லை. அதற்குப் பிறகான இரண்டு இரவுகளில்தான் திருவிழாவின் மிக நிதானமான அழகு இருக்கிறது.

தென்கரையா, வடகரையா

ஊருக்குள் நடப்பது உண்மையில் இரண்டு விழாக்கள். வைகையின் தென்கரையில் மீனாட்சி - சுந்தரேசுவரர் விழா. கொடியேற்றத்திலிருந்து பன்னிரண்டு நாட்கள். வடக்கே அழகர்மலையிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர் நடந்து வைகைக்கு வரும் அழகரின் விழா இன்னொன்று. முன்பு மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி, தேனூருக்குப் போய்க்கொண்டிருந்த அழகரை மதுரைப் பக்கம் வரவழைத்து, இரண்டையும் ஒன்றாக இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பது வரலாறு. மாசி வீதிகளில் சித்திரைத் தேர் ஓடுவது இப்படித்தான்.

வாடகைக்கு வீடு தேடுகிறவருக்கு இந்த வரலாறு நேரடியாகப் பயன்படும். வாடகைத் தளங்களில் ‘கோயிலிலிருந்து இரண்டரைக் கிலோமீட்டர்’ என்று போட்டிருப்பார்கள். அது ஆற்றின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பாருங்கள். ஆற்றில் இறங்கும் நாளுக்கு முந்தைய இரவு வைகை மேலுள்ள ஏ.வி. பாலம், கோரிப்பாளையம், தல்லாகுளம் சுற்றியுள்ள சாலைகளில் வண்டி ஓடாது. அந்த இரண்டரைக் கிலோமீட்டரை லட்சக்கணக்கான மக்களுக்கு நடுவே நடந்துதான் கடக்க வேண்டும். தளர்ந்த பெற்றோரைக் கூட்டிக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

திருக்கல்யாணமும் தேரும்தான் உங்களுக்கு முக்கியம் என்றால் தென்கரையில் எடுங்கள். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரம் சதுரமாக விரியும் ஊர் இது. மாசி வீதிகளை ஒட்டி வீடு கிடைத்தால் பாக்கியம். விழா நாட்களில் காலையும் இரவும் சுவாமி வாசலுக்கே வருவார். ஆனால் அங்கே பெரும்பாலும் கடைகளும் விடுதிகளும்தான். சிம்மக்கல், வெளி வீதிகளின் குறுக்குத் தெருக்கள், மேற்கே எஸ்.எஸ். காலனி வரை தேடலாம். ரயில் நிலையமும் பெரியார் பேருந்து நிலையமும் இந்தப் பக்கம்தான்.

அழகருக்காக வருகிறவர்கள் வடகரையில் எடுக்க வேண்டும். மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று அவர் வரும் அழகர்கோயில் சாலையை ஒட்டிய தெருக்கள் முதல் தேர்வு. நரிமேடு, பீபிகுளம், சொக்கிகுளம் பகுதிகள் குடும்பங்கள் வாழும் அமைதியான இடங்கள். அங்கிருந்து தல்லாகுளத்துக்கு நடந்தே போய்விடலாம். அண்ணா நகர், கே.கே. நகர்ப் பகுதியில் வீடுகள் புதியவை, லிஃப்ட் இருக்கும், மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையமும் பக்கம். என்னைக் கேட்டால், முதல்முறை வருகிற குடும்பம் வடகரையில் வீடு எடுப்பதே சரி. திருக்கல்யாணத்துக்கும் தேருக்கும் ஆட்டோவில் பாலம் கடந்து போய்வர முடியும். அழகர் வரும் இரவில் அதற்கு வழியே கிடையாது.

வண்டியூர் என்ற பெயர் பலரை அலைக்கழிக்கிறது. அழகர் இரவு தங்கும் வண்டியூர் வடகரையில் இருக்கிறது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் தென்கரையில். வரைபடத்தில் சரிபார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். அதேபோல அழகர்கோயில் அடிவாரத்து விடுதிகளும் இந்த நாட்களுக்குப் பொருந்தாது. பெருமாள் ஊருக்குள் வந்துவிட்ட பிறகு நீங்கள் மலையடியில் உட்கார்ந்திருந்து என்ன பயன்?

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை

தண்ணீரை முதலில் கேளுங்கள். மதுரையில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும். குளிக்க என்ன தண்ணீர், குடிக்கக் கேன் தண்ணீர் யார் போடுவார், கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று விசாரியுங்கள். ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் விடியற்காலை மூன்று மணிக்குக் குளிக்கப் போகிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். மேல்தொட்டி அதற்குத் தாங்க வேண்டும்.

அடுத்து மின்சாரம். எந்த அறைகளில் ஏசி இருக்கிறது, மின்தடை வந்தால் இன்வெர்ட்டரில் விசிறியாவது ஓடுமா, மின்கட்டணம் வாடகைக்குள் அடங்குமா, தனியாக யூனிட் கணக்கா? ‘ஏசி வீடு’ என்று சொல்லி ஒரே ஒரு படுக்கையறையில் மட்டும் மாட்டியிருப்பார்கள்.

சமையலுக்கு கேஸ் சிலிண்டர், குக்கர், மிக்ஸி, குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அசைவம் சமைக்கலாமா என்பதை வெளிப்படையாகக் கேட்டுவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி வீடு மூட்டுவலிக்காரர்களுக்கு ஆகாது. மொட்டை மாடியின் சாவி கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஈரத்துணி காயப்போட வேண்டியிருக்கும், இரவில் காற்று வாங்கவும் அதுவே இடம்.

வாசல் கதவு நேரம் பற்றிய கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சில குடியிருப்புகளில் இரவு பத்தரைக்கு வெளிக்கதவைப் பூட்டிவிடுவார்கள். நீங்களோ நள்ளிரவில் திரும்பி, இரண்டு மணிக்கு மறுபடி கிளம்பப் போகிறவர்கள். காவலாளி இருக்கிறாரா, சாவி உங்களிடம் இருக்குமா என்று முன்பே பேசி வையுங்கள்.

பணமும் ஆவணமும்

திருவிழா வாரத்தில் வாடகை ஏறும், அதில் வியப்பில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பச் சொன்னால் மட்டும் நிதானியுங்கள். படத்தை மட்டும் நம்பாமல், வீட்டுக்காரரை வீடியோ அழைப்பில் வரச் சொல்லி, தெருவிலிருந்து வாசல் வழியாக உள்ளே நடந்து காட்டச் சொல்லுங்கள். உண்மையான வீட்டுக்காரர் இதற்கு முகம் சுளிக்கமாட்டார். முன்பணம் எவ்வளவு, திருப்பித் தருவது எத்தனை, வராமல் போனால் என்ன பிடிப்பார்கள், எத்தனை பேர் தங்கலாம், எத்தனை மணிக்குச் சாவி, எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் - எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். உறவுக்காரர் சிலர் ஒரு ராத்திரி வந்து தங்குவார்கள் என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

தங்கும் பெரியவர்கள் அனைவரின் அடையாள அட்டை நகலும் தேவைப்படும். சிங்கப்பூர், மலேசியா, கனடா என்று வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருபவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அவர்களுடைய விவரத்தைப் பதிய வேண்டும் என்பது சட்டம். ‘எங்களுக்கு அதெல்லாம் பழக்கமில்லை’ என்கிற வீட்டை விட்டுவிட்டு வேறு பாருங்கள்.

வந்து இறங்கும் நாள்

திருக்கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாக வந்துவிடுவது உத்தமம். பட்டாபிஷேகமும் திக்விஜயமும் அந்த நாட்களில்தான். மீனாட்சிக்கு முடிசூட்டிச் செங்கோல் கொடுக்கிறார்கள். அன்று முதல் ஆவணி வரை மதுரையில் அவள் ஆட்சி. திக்விஜயத்தன்று அம்மன் எட்டுத் திக்கையும் வென்று கடைசியில் சுந்தரேசுவரரோடு போருக்கு நிற்பாள். கூட்டம் ஓரளவு தாங்கக்கூடிய நாட்கள் இவை. ஊரைப் பழகிக்கொள்ள ஏற்றவை.

வடகரையில் தங்குகிறவர்களுக்கு அண்ணா நகர் உழவர் சந்தை கைகொடுக்கும். 1999-இல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட உழவர் சந்தை அது. காலையிலேயே போய் இரண்டு மூன்று நாளைக்கான காய்கறியை வாங்கிவிடுங்கள். பால், தயிர், எலுமிச்சை, பிள்ளைகளுக்குப் பிஸ்கட், மாத்திரை மருந்து - இவற்றை அழகரை ஊர் எதிர்கொண்டு அழைக்கும் எதிர்சேவைக்கு முன்பே வீட்டில் நிரப்பி வையுங்கள். பிறகு கடைவீதிக்குப் போய்வருவதே பெரும்பாடு.

சொந்தக் காரில் வந்தால் அழகர் வருவதற்கு முந்தைய நாள் காலைக்குள் வண்டியை வீட்டுக்குள் நிறுத்திவிட்டு மறந்துவிடுங்கள்.

திருக்கல்யாணமும் தேரும்

திருக்கல்யாணம் காலையில், கோயிலுக்குள் வடக்கு - மேற்கு ஆடி வீதிகள் சந்திக்கும் இடத்தில் நடக்கிறது. கட்டணச் சீட்டுக்கு இணையத்தில் முன்பதிவு உண்டு. அறிவிப்பு வந்த உடனே பதிந்துவிட வேண்டும். சீட்டு இல்லாதவர்களை வழக்கமாகத் தெற்குக் கோபுரம் வழியாக வந்த வரிசைப்படி விடுவார்கள். கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் வரிசை ஒன்று மிச்சம். உள்ளே போக முடியாதவர்கள் சித்திரை வீதிகளில் பெரிய திரைகளில் பார்க்கலாம். அதை இரண்டாம்தரம் என்று நினைத்துவிடாதீர்கள். திருப்பரங்குன்றத்திலிருந்து முருகனும் தெய்வானையும் வந்திருக்க, பவளக்கனிவாய்ப் பெருமாள் தங்கையைத் தாரைவார்த்துக் கொடுக்க, மங்கலநாண் பூட்டிய அந்த நொடியில் தெருவில் நிற்கும் பெண்கள் எல்லாரும் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்கிறார்கள். வயதான அம்மாவுக்கு மகள் கயிறு கட்டிவிடுவாள். முன்பின் தெரியாத பக்கத்துப் பெண் மஞ்சள் கிழங்கை நீட்டுவாள். புதுக் கயிறும் மஞ்சள் குங்குமமும் பையில் இருக்கட்டும். அந்த நேரத்தில் அவர்களைப் படம் எடுக்க யாரும் கையை உயர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கல்யாணம் என்றால் விருந்தும் மொய்யும் உண்டல்லவா? வடக்கு வெளி வீதி சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து நடக்கும். கோயிலில் மொய் எழுதலாம். வெளியூர்க்காரர்களும் உரிமையோடு போய் உட்காரலாம். வீட்டில் அன்று அடுப்பே பற்றவைக்க வேண்டாம்.

மறுநாள் காலைத் தேர். கீழமாசி வீதியிலிருந்து கிளம்பும் பெரிய தேரில் பிரியாவிடை அம்மனோடு சுவாமியும், பின்னால் சிறிய தேரில் மீனாட்சியும் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வருவார்கள். குழந்தைகளோடு இருப்பவர்கள் வளைவுகளில் நிற்க வேண்டாம். தேர் திரும்புமிடத்தில்தான் நெருக்கடி அதிகம்; முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சக்கரத்தின் அருகில் உயிரைப் பணயம் வைத்து வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு இடம் விட வேண்டும். வீதியின் நடுப்பகுதியில், ஏதாவது ஒரு கடையின் படியில் ஏறி நின்றால் வடம் பிடித்து வருபவர்களின் முகங்கள் வரை தெரியும்.

அழகர் வரும் இரவு

எதிர்சேவை ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய நாள். மலையிலிருந்து கள்ளர் கோலத்தில், கையில் வளரித்தடியோடு (எறியும் வளைதடி) வரும் அழகரை மூன்றுமாவடியில் நகரம் எதிர்கொண்டு அழைக்கிறது. வழிநெடுக அவரை நிறுத்தி வழிபடும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்றுதான் வருவார். ஆகவே நேரக்கணக்கு பார்க்காதீர்கள். நிரலில் போட்ட மணிக்கு மேல் ஒன்றிரண்டு மணி கூடுதலாகவே வையுங்கள். வடகரையில் தங்கியிருப்பதன் பலன் இப்போதுதான் தெரியும். தெருமுனைக்குப் போய் நின்று, கால் வலித்தால் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டு, மேளச் சத்தம் நெருங்கியதும் மறுபடி போகலாம்.

அங்கே நிற்கும்போது உங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் கையிலுள்ள செம்பைப் பாருங்கள். செம்பு நிறையச் சர்க்கரை. வாயை வாழையிலையால் மூடிப் பூச்சுற்றியிருப்பார். மேலே சூடம் வைத்து, பல்லக்கு நெருங்கும்போது ஏற்றி, செம்பைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டுவார். சூடம் அணைந்ததும் அந்தச் சர்க்கரையில் ஒரு பிடி அள்ளி அருகில் இருக்கும் யாருக்கும் கொடுப்பார். வேண்டாம் என்று மறுக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களும் ஒரு செம்பு எடுத்துப்போகலாம்; சர்க்கரையும் வாழையிலையும் வீட்டுச் சமையலறையிலேயே தயார் செய்துவிட முடியும்.

இரவு தல்லாகுளம் பெருமாள் கோயில். அங்கே திருமஞ்சனமாகி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையை அணிந்து, தங்கக் குதிரையில் ஏறி, விடியும் நேரத்தில் ஆழ்வார்புரம் பக்கம் வைகையில் இறங்குவார். என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்று ஊரே கவனிக்கும். பச்சை என்றால் மழையும் விளைச்சலும் செழிக்கும் என்பது நம்பிக்கை.

இந்த ஒரு நிகழ்ச்சியில் மட்டும் ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். 2022-இல் ஆற்றில் ஏற்பட்ட நெரிசலில் இருவர் இறந்துபோனார்கள். முதியவர்கள், கர்ப்பிணிகள், சிறு பிள்ளைகள் ஆற்றுக்குள் இறங்க வேண்டாம். அவர்கள் தல்லாகுளத்தில் நள்ளிரவிலேயே கண்குளிரச் சேவித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி, ஆற்றில் இறங்குவதைத் தொலைக்காட்சி நேரலையில் பார்க்கட்டும். போகிற இளையவர்கள் நகை போடாமல், செருப்பில் மனம் வைக்காமல், காவல்துறை காட்டும் வழியில் மட்டும் போங்கள். கைபேசிச் சிக்னல் கிடைக்காமல் போகலாம். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே ஓர் இடம் பேசிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் சட்டைப்பையில் உங்கள் எண்ணையும் தங்கியிருக்கும் தெருவின் பெயரையும் எழுதி வையுங்கள்.

அன்று நண்பகல் ராமராயர் மண்டபத்தில் தண்ணீர் பீய்ச்சுவார்கள். அழகர் வேடமிட்டு விரதம் இருந்தவர்கள் தோளில் ஆட்டுத்தோல் பையோடு வந்து, வெயிலில் வந்த சாமியைக் குளிர்விக்கிறார்கள். நனையத் தயாராகப் போங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த உடையை அணிய ஆசைப்பட்டால், புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய தையற்காரர்களிடம் முன்பே சொல்லித் தைக்கலாம்.

இன்னும் இரண்டு இரவுகள்

ஆற்றில் இறங்கியதும் ஊர் பாதி காலியாகும். தெருவில் நடக்க இடம் கிடைக்கும். அன்றிரவு அழகர் வண்டியூரில். மறுநாள் பகலில், வண்டியூர்ப் பக்கம் வைகையிலுள்ள தேனூர் மண்டபத்தில், தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குக் கருட வாகனத்தில் வந்து சாபவிமோசனம். இரவு முழுவதும் ராமராயர் மண்டபத்தில் தசாவதாரம். அலங்காரம் ஒன்று முடிந்து அடுத்தது வரும்வரை மக்கள் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் வீட்டிலிருந்து பாயும் ஒரு போணியில் தயிர்சாதமும் எடுத்துப் போங்கள். அதற்கடுத்த இரவு சேதுபதி மண்டபத்தில் பூப்பல்லக்கு. மல்லிகை வாசம் அழகர்கோயில் சாலை வரை வரும். அதன் பிறகுதான் மலைக்குத் திரும்புகிறார்.

பூப்பல்லக்கு இரவு வரைக்கும் வீட்டைப் பேசி எடுப்பவர்களுக்கு ஒரு நயமும் உண்டு. கூட்டம் போன பிறகான இரவுகளுக்கு வாடகையைக் குறைத்துத் தரப் பல வீட்டுக்காரர்கள் இசைவார்கள். முதலிலேயே மொத்தமாகப் பேசினால்தான் அது நடக்கும்.

காலி செய்யும் நாளில் மின்மீட்டர் கணக்கு, பாத்திரம், சிலிண்டர் எல்லாவற்றையும் வீட்டுக்காரரோடு நின்று பார்த்து, முன்பணத்தை அங்கேயே திருப்பி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். அடுத்த ஆண்டும் வருவதாக இருந்தால் அதையும் அப்போதே சொல்லி வைத்துவிடுங்கள். நல்ல வீடுகள் இப்படிக் கைமாறாமல் ஆண்டுக்கு ஆண்டு அதே குடும்பங்களுக்கே போகின்றன.